கடைச் சைக்கிளும் கால் அளவும்

ஜி.எஸ்.டி. கணக்கு, உரிமக் கட்டணம், பெரிய அங்காடிகளின் போட்டி என்று நம் இதழில் எழுதவும் படிக்கவும் எத்தனையோ இருக்கும்போது, சைக்கிளின் ஃபிரேம் அளவைப் பற்றி எழுத ஒரு மளிகைக் கடைக்காரன் புறப்பட்டு வந்திருப்பது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். எழுதக் காரணம் இருக்கிறது. ஒன்று என் கடைச் சிப்பந்தியின் கை எலும்பு, மற்றொன்று என் கழுத்து. இரண்டையும் பற்றிச் சொல்லிவிட்டு, நம் வியாபாரிகள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வேண்டுகோளும் வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கையில், என் கடையில் பல வருடமாக வேலை பார்ப்பவர் தென்கரையிலிருந்து வடகரைக்கு ஒரு எண்ணெய் டின்னைச் சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துக்கொண்டு போனார். ஒரு சந்து முனையில் எதிரே திடீரென்று ஒரு பைக் வந்திருக்கிறது. பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றப் பார்த்திருக்கிறார். கால் தரைக்கு எட்டவில்லை. சைக்கிளோடு சாய்ந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது, டின்னும் உடைந்து தெருவெல்லாம் எண்ணெய். வைத்தியச் செலவை நான்தான் பார்த்தேன். ஆனால் எண்ணெயின் பாதி விலையை அவர் பெயரில் பற்று எழுதினேன் என்பதையும் இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "இத்தனை வருசமா ஓட்டுறீரு, பார்த்து ஓட்டத் தெரியாதா" என்று கடையில் வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே கேட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு என் கண்ணில் அது கவனக்குறைவு, அவ்வளவுதான்.

அந்தச் சைக்கிள் என் தகப்பனார் வாங்கியது. 24 அங்குல ஃபிரேம். தகப்பனார் கிட்டத்தட்ட ஆறடி உயரம், அவர் ஏறி உட்கார்ந்தால் சைக்கிள் அவருக்கென்றே அடித்தது போல இருக்கும். அவருக்குப் பிறகு அது கடைச் சைக்கிளாயிற்று. நம் சிப்பந்தியின் உயரமோ ஐந்தடி மூன்று அங்குலம். சைக்கிள் நல்ல நிலையில் இருக்கிறது, ரிம் மாற்றியாயிற்று, செயின் புதிது, அப்புறம் என்ன என்றுதான் நான் இருந்தேன். உங்களில் பலருடைய கடையிலும் இப்படி ஒரு சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கும். யார் எடுத்துப் போகிறாரோ அவருக்கு அது பொருந்துமா என்று ஒரு நாளும் பார்த்திருக்க மாட்டோம்.

22 என்றும் 24 என்றும் நாம் சிறு வயதிலிருந்து சொல்லி வருகிறோமே, அது எதன் அளவு? சக்கரத்தின் அளவு என்றே பலர் நினைக்கிறார்கள். அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், சோனிபட்டில் 1951-இல் தொடங்கிய அட்லஸ், லூதியானாவில் 1956-இல் தொடங்கிய ஹீரோ என்று நாம் அறிந்த கம்பெனிகள் செய்த கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிள்களில் சக்கரம் 28 அங்குலம். 22, 24 என்பது சீட்டைத் தாங்கும் குழாயின் நீளம். இரண்டு பெடல் கட்டைகளும் வந்து சேரும் நடு அச்சிலிருந்து அந்தக் குழாயின் உச்சி வரை அளந்தால் வருவது. செ.மீ.யில் சொன்னால் 22 அங்குலம் என்பது 56, 24 என்பது 61.

இப்போது கடைகளில் 26, 27.5, 29 என்று சொல்லி விற்கிறார்களே, அவை முழுக்கச் சக்கரக் கணக்கு. ஃபிரேம் அளவு வேறு. '29 சைக்கிள் வேண்டும், பையன் உயரம்' என்று கேட்டு வாங்குவது, பையன் உயரம் என்பதற்காகப் பெரிய பொத்தான் வைத்த சட்டை கேட்பது போலத்தான். ரோடு பைக் என்று இளைஞர்கள் ஓட்டும் மெல்லிய டயர் சைக்கிள்களில் அநேகமாக எல்லாவற்றிலும் 700சி என்ற ஒரே சக்கரம்தான். ஐந்தடி ஆளுக்கும் ஆறடி ஆளுக்கும் சக்கரம் ஒன்று, ஃபிரேம் மட்டுமே மாறும். அது 48, 50, 52, 54, 56 என்று செ.மீ.யில் ஏறிக்கொண்டு போகும், அல்லது எஸ், எம், எல் என்று எழுத்தில் இருக்கும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், காசு கொடுத்துத் தெரிந்துகொண்டேன். கல்லாவில் உட்கார்ந்தே வளர்ந்த உடம்பு, ஐம்பது தாண்டியதும் சர்க்கரை வந்தது. நடங்கள், இல்லையென்றால் சைக்கிள் மிதியுங்கள் என்று டாக்டர் சொன்னார். விடியற்காலையில் தேனிப் பக்கமிருந்து பத்துப் பேர் ரோடு பைக்கில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். நமக்கும் ஒன்று வாங்கலாம் என்று ஆசை வந்தது. ஆசையில் தப்பில்லை. ஆடி மாதம் பெரியகுளத்திலிருந்து தேனி நோக்கி எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு, கீழே வளைந்த அந்த ஹேண்டில்பார் எதற்கு என்று யாரும் விளக்கத் தேவையில்லை. குனிந்தால் காற்று முதுகின் மேலே போய்விடும், நிமிர்ந்தால் நெஞ்சில் வந்து மோதும்.

வெளியூர்க் கடை ஒன்றுக்குப் போனேன். கடையின் பெயர் இங்கே வேண்டாம். 56 அளவில் ஒரே ஒரு வண்டி இருந்தது, நல்ல நீல நிறம். "இது எனக்குச் சரியா வருமா தம்பி" என்று கேட்டேன். "சீட்டை இறக்கிக்கிடலாம்ணே, எல்லாருக்கும் அப்படித்தான் பண்ணிக் குடுக்கோம்" என்றார் விற்பனையாளர். சொன்னபடியே சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கித் தந்தார். எங்களுக்கும் அது தெரிந்த பேச்சுத்தானே! இருக்கிற சரக்கைத் தள்ளிவிடும்போது நாமும் அப்படித்தான் பேசுகிறோம்.

முதல் வாரம் கும்பக்கரைப் பக்கம் போய் வந்தேன், பெருமையாக இருந்தது. இரண்டாவது வாரம் தேவதானப்பட்டி வரை போனேன். திரும்பி வரும்போது உள்ளங்கையும் சுண்டுவிரலும் மரத்துப் போயின. மறுநாள் கல்லாவில் உட்கார்ந்து பக்கத்து அலமாரியைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை, கழுத்து பிடித்துக்கொண்டது. வயதாகிவிட்டது, நமக்கு இது ஒத்துவராது என்று வண்டியை மூலையில் போட்டேன். இரண்டு மாதம் அதன்மேல் வெங்காயச் சாக்கு காய்ந்தது.

பிறகு சைக்கிள் வேலை தெரிந்த உள்ளூர் மெக்கானிக் ஒருவர் கடைக்குச் சரக்கு வாங்க வந்தபோது அதைப் பார்த்தார். "யாருதுண்ணே இது?" என்றார். என்னுடையது என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார், வண்டியை ஒரு முறை பார்த்தார், சிரித்துவிட்டார். "டேப் இருக்கா?" என்றார்.

அவர் அளந்த விதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையில் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளத் தக்கது அதுதான். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு முதுகை ஒட்டி, பாதங்கள் ஒரு சாண் விலகி நிற்க வேண்டும். கெட்டி அட்டை போட்ட பேரேடு ஒன்றைக் கால்களுக்கு நடுவே, முதுகுப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். பேரேட்டின் ஒரு விளிம்பு சுவரில் ஒட்டி இருந்தால் சாயாது. அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை இன்னொருவர் டேப் வைத்து அளக்க வேண்டும். தையற்காரர் எடுக்கும் உள்கால் அளவை இதற்கு எடுத்துக்கொள்ளக் கூடாது, அதில் இரண்டு மூன்று செ.மீ. குறைந்துதான் வரும். எனக்கு வந்தது 77 செ.மீ.

இந்த 77-ஐ 0.67-ஆல் பெருக்கினால் 51.6. ஆக எனக்கு வேண்டியது 51 அல்லது 52 அளவு ரோடு பைக். நான் வாங்கியிருந்தது 56. அதே 77-ஐ 0.883-ஆல் பெருக்கினால் 68 செ.மீ. பெடல் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை இருக்க வேண்டிய உயரம் அது. இந்த 0.883 கணக்கு, 1986, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை வென்ற அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் மூலமாக உலகெங்கும் பரவியது. அவருக்குப் பயிற்சி தந்த பிரெஞ்சுக்காரர் சிரில் கிமாரிடமிருந்து வந்த கணக்கு என்பார்கள். பந்தயக்காரர்களின் கணக்கு மளிகைக்காரனுக்கு எதற்கு என்று கேட்கலாம். கால் முட்டி எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் மடங்குகிறது.

எண்ணைப் பெருக்கப் பிடிக்காதவர்களுக்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அப்படி வைத்துவிட்டு, ஓட்டும்போது முன்பாதத்தால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கி நிற்கும். அதுதான் சரி. நம் ஊரில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, முட்டி நெஞ்சுக்கு வருமாறு மிதிக்கிறார்கள். முட்டி வலி வராமல் என்ன செய்யும்?

சரி, 56 வண்டியில் சீட்டை இறக்கிய பிறகு காலுக்கு எட்டியதே, பிறகு ஏன் கழுத்து வலித்தது? இங்கேதான் அந்த விற்பனையாளரின் பேச்சில் ஓட்டை இருக்கிறது. சீட்டை மேலும் கீழும் நகர்த்தலாம், ஆனால் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள தூரத்தை ஃபிரேம்தான் தீர்மானிக்கிறது. மேல்குழாய் 52-ஐவிட 56-இல் ஏறக்குறைய 3 செ.மீ. கூடுதல். மூன்று செ.மீ. என்றால் என்ன பெரிய தூரம் என்று நானும் கேட்டேன். கிலோவுக்கு முப்பது கிராம் குறைந்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா என்று மெக்கானிக் திருப்பிக் கேட்டார். கை எட்டாமல் நீட்டிப் பிடிக்கும்போது உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்குகிறது, விரல் மரக்கிறது. சாலையைப் பார்க்கத் தலையை மேலும் தூக்க வேண்டியிருக்கிறது, கழுத்து பிடிக்கிறது. ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம் என்ற கட்டையைக் குட்டையாக மாற்றிக் கொஞ்சம் சரிக்கட்டலாம், ஆனால் இரண்டு அளவு தள்ளி வாங்கியதற்கு அது பரிகாரம் ஆகாது.

இதில் உயரத்தை மட்டும் கேட்டு அளவு சொல்லும் அட்டவணைகளையும் முழுக்க நம்ப வேண்டாம். என் சித்தப்பா மகனும் நானும் ஒரே உயரம், ஐந்தடி ஐந்து அங்குலம். அவன் கால் என்னுடையதைவிட இரண்டு அங்குலம் நீளம், எனக்கு உடம்பு நீளம். இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் நான்தான் உயரமாகத் தெரிவேன். அவனுக்கு எது சரியோ அது எனக்குச் சரியாகாது.

எஸ், எம், எல் விஷயத்துக்கு வருகிறேன், இது வியாபாரம் சம்பந்தப்பட்டது என்பதால் நமக்கு எளிதில் புரியும். முன்பெல்லாம் ரோடு பைக் ஃபிரேமின் மேல்குழாய் தரைக்குச் சமமாக இருக்கும், ஒரே மாடலில் ஏழெட்டு அளவு செய்வார்கள். 1990-களின் பிற்பகுதியில் தைவானைச் சேர்ந்த ஜெயண்ட் கம்பெனி, மைக் பர்ரோஸ் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த டி.சி.ஆர். என்ற வண்டியைக் கொண்டுவந்தது. மேல்குழாய் பின்பக்கம் சரிந்து இறங்கும், சீட்டுக் கம்பி நீளமாக மேலே நிற்கும். கம்பியையும் ஸ்டெம்மையும் மாற்றினால் ஒரே ஃபிரேம் பல உயரத்துக்கு ஒத்துவரும் என்று சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்றே அளவில் செய்தார்கள். எடையும் குறைந்தது, உறுதியும் கூடியது. அதைவிட முக்கியமாக, கிடங்கில் எட்டு அளவு அடுக்கி வைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. எட்டு ரகத்தில் முதலை முடக்குவதற்கும் மூன்று ரகத்தில் முடக்குவதற்கும் உள்ள வித்தியாசம் மொத்த வியாபாரிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதை மோசடி என்று நான் சொல்லவில்லை, புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் கம்பியையும் ஸ்டெம்மையும் ஆளுக்குத் தக்க மாற்றிக் கொடுத்தால்தான் அந்த ஏற்பாடு முழுமை பெறும். அதைச் செய்யாமல் எம் என்று எழுதியதை எடுத்து நீட்டினால், மூன்று அளவு என்பது வாங்குகிறவன் தலையில்தான் விடியும். மேலும் ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனியின் எஸ்ஸாக இருக்கும். ஆகவே எழுத்தைப் பார்க்காமல், கம்பெனி தரும் அட்டவணையில் ஸ்டாக், ரீச் என்ற இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். பெடல் அச்சிலிருந்து முன்குழாயின் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக், எவ்வளவு முன்னால் தள்ளி இருக்கிறது என்பது ரீச். சுகமாக ஓட்டுகிற வண்டி ஒன்று கிடைத்துவிட்டால், அதன் இந்த இரண்டு எண்ணையும் குறித்து வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனி வண்டியோடும் ஒப்பிடலாம்.

இரண்டு அளவுக்கு நடுவில் நிற்பவர்கள் சிறியதை எடுப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். சிறியதை ஓரளவு நீட்டலாம், பெரியதை வெட்ட முடியாது. அதற்காகச் சீட்டுக் கம்பியை அதில் போட்டிருக்கும் எல்லைக் கோட்டுக்கு மேல் இழுத்துவிடக் கூடாது, கம்பி வளையும் அல்லது ஃபிரேமே பிளக்கும். நான் அந்த நீல வண்டியை நஷ்டத்துக்கு விற்றுவிட்டு 52-இல் பழைய வண்டி ஒன்று வாங்கினேன். நஷ்டக் கணக்கை வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

அந்த 52 வந்த அன்றுதான், மெக்கானிக் விட்டுச் சென்ற டேப் மேசையில் கிடக்க, சுவரில் சாய்ந்திருந்த கடைச் சைக்கிளைப் பார்த்தேன். அளந்தேன். பார் தரையிலிருந்து 34 அங்குலம். நம் சிப்பந்தியைக் கூப்பிட்டுப் பேரேட்டைக் கொடுத்து நிற்கச் சொன்னேன். அவருக்கு வந்தது 29 அங்குலம். பாரைக் கவட்டையில் வைத்து நின்றால் இரு பாதமும் தரையில் படிய வேண்டும், பாருக்கு மேல் ஒன்றிரண்டு அங்குலம் இடைவெளியும் இருக்க வேண்டும். இங்கே ஐந்து அங்குலம் பற்றாக்குறை. அவருக்கு இருக்க வேண்டிய சீட்டு உயரம் ஏறக்குறைய 65 செ.மீ. ஆனால் 61 செ.மீ. குழாயின் மேல் ஸ்பிரிங் சீட்டை எவ்வளவு இறக்கினாலும் 71-க்குக் கீழே வராது. மூன்று விரற்கடை அதிகம். அதாவது இத்தனை வருடமும் அவர் சீட்டில் உட்கார்ந்து ஓட்டவே இல்லை, சீட்டின் மேல் இப்படியும் அப்படியுமாக உருண்டுகொண்டு இருந்திருக்கிறார்.

இன்னொன்றும் அப்போதுதான் என் புத்தியில் பட்டது. பழைய ஆட்கள் உயரமான சைக்கிளை எப்படிச் சமாளித்தார்கள்? இடது காலைப் பெடலில் வைத்துத் தத்தி ஓடி, வலது காலைப் பின்பக்கமாக வீசி ஏறுவார்கள். இறங்கும்போதும் அப்படியே. ஃபிரேம் பெரிதாக இருந்தாலும் அந்த வித்தையில் கழிந்துவிடும். கேரியரில் எண்ணெய் டின்னோ அரிசிச் சிப்பமோ கட்டிவிட்டால் காலைப் பின்னால் வீச முடியுமா? முன்பக்கமாகப் பாரைத் தாண்டித்தான் காலைத் தூக்கிப் போட வேண்டும், இறங்கும்போதும் பாருக்கு முன்னால்தான் இறங்க வேண்டும். பாரம் ஏற்றிய அந்த நேரத்தில்தான் ஃபிரேம் அளவு மிகவும் முக்கியம், நாமோ அந்த நேரத்துக்குத்தான் கடையில் உள்ளதிலேயே பெரிய சைக்கிளை எடுத்துக் கொடுக்கிறோம், பாரம் தாங்கும் என்று. 22-க்கும் 24-க்கும் பாரம் தாங்குவதில் சொல்லும்படியான வித்தியாசம் கிடையாது. பாரத்தைத் தாங்குவது ரிம், போக்ஸ் கம்பி, டயர், கேரியர் இவைதான்.

சிறுவர்களாக இருந்தபோது நாம் எல்லாரும் வாடகைச் சைக்கிளில் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுத்தான் பழகினோம். நமக்குப் பொருந்தாததில் பழகுவதே பழக்கம் என்று அப்போதே மனதில் பதிந்துவிட்டது போலும். இன்றும் பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கும்போது 'வளர்கிற பிள்ளை' என்று பெரிதாகவே எடுக்கிறோம். சட்டையை அப்படி எடுத்தால் கையை மடித்து விட்டுக்கொள்ளலாம். சைக்கிளில் பிரேக் பிடிக்க விரல் எட்ட வேண்டும், கால் தரைக்கு எட்ட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா மிதிவண்டி, 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கி, பின்னர் அரசு மற்றும் உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவ மாணவியருக்கு என்று விரிந்த நல்ல திட்டம். எத்தனையோ பெண்பிள்ளைகள் படிப்பை நிறுத்தாமல் போய்வர அது உதவியது. ஆனால் பதினாறு வயதில் நாலே முக்கால் அடியிலும் பிள்ளை உண்டு, ஐந்தே முக்கால் அடியிலும் உண்டு. வாங்கி வந்த அன்று சீட்டு போல்ட்டைத் திருகி உயரத்தைச் சரிசெய்து கொடுக்கக்கூட வீட்டில் ஆள் இல்லை. பக்கத்துச் சைக்கிள் கடையில் ஐந்து நிமிட வேலை. நம் சங்கத்தின் சார்பில் வருடத்துக்கு ஒரு நாள் பள்ளியில் உட்கார்ந்து அதைச் செய்து கொடுக்கலாம் என்பது என் யோசனை, அடுத்த கூட்டத்தில் இதை எழுப்புவேன்.

சிப்பந்திக்கு என்ன வாங்குவது என்று வந்தபோது, மெக்கானிக் பார் இல்லாத தாழ்ந்த ஃபிரேம்தான் சரி என்றார். முன்பக்கமாகக் காலை நுழைத்து ஏறலாம், இறங்கலாம், டின் கட்டியிருந்தாலும் கவலையில்லை. "லேடீஸ் சைக்கிளா முதலாளி?" என்று இவர் முகம் சுளித்தார். கடைத் தெருவில் நாலு பேர் கேலி செய்வார்களே என்ற கவலை. அவருக்குப் புதுக்கோட்டைக் கதையைச் சொன்னேன். 1991-92-இல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கம் கொடுக்க, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் தட்டுப்பாடு வந்தது. அவர்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள், முன்னால் பார் இருப்பது பிள்ளையை உட்கார வைக்க வசதி என்று அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கூலி வேலைக்குப் போகும் பெண்கள் ஊர்ப் பேச்சுக்குப் பயப்படாமல் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள், உமக்கு என்ன ஐயா என்றேன். ஒரு வாரம் தயங்கினார். பிறகு அந்தச் சைக்கிளை மற்றவர்கள் தொடவே விடுவதில்லை.

மற்ற கடைக்காரர்களுக்கு நான் சொல்ல விரும்புவதெல்லாம், சைக்கிள் எடுக்கப் போகும்போது அதை ஓட்டப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்பதுதான். காசு கொடுப்பவர் நீங்கள் என்றாலும் கால் அவருடையது. கடையில் இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுவதாக இருந்தால் குட்டையானவருக்குப் பொருந்துவதை வாங்கி, நெட்டையானவருக்குச் சீட்டுக் கம்பியை ஏற்றிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். செலவு என்பீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பாகங்களுக்கும் அப்படியே. ஒரு டின் எண்ணெயும் ஒரு மாத ஆஸ்பத்திரி அலைச்சலும் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

நம் இனத்தைச் சேர்ந்த சைக்கிள் வியாபாரிகளும் இதைப் படிப்பார்கள். அவர்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். ரப்பர் செருப்பு விற்கும் நம் கடைக்காரர் ஏழாம் நம்பர் காலுக்கு ஒன்பதாம் நம்பரைக் கொடுத்து, வாரை இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்வதில்லை. அளவு இல்லை, வியாழக்கிழமை சரக்கு வரும் என்கிறார். நாற்பதாயிரம் ரூபாய்ச் சைக்கிளில் அந்த நியாயம் ஏன் இல்லாமல் போக வேண்டும்? எடைக்கல்லுக்கு முத்திரை இல்லையென்றால் நமக்கு அபராதம், ஆளுக்கு ஒவ்வாத ஃபிரேமை விற்றால் எந்தச் சட்டமும் கேட்காது. அதனால்தான் நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடையில் ஒரு டேப்பும் ஒரு பேரேடும் வையுங்கள். இரண்டு நிமிடம் அளந்து, அளவு இல்லை என்றால் வரவழைத்துத் தருகிறேன் என்று சொல்லுங்கள். ஒரு விற்பனை ஒரு வாரம் தள்ளிப் போகும். வாங்கிப் போனவர் வண்டியை மூலையில் போட்டு வெங்காயச் சாக்கு காயப்போட மாட்டார், டயருக்கும் டியூபுக்கும் உங்களிடமே திரும்பி வருவார்.

சிப்பந்தியின் கணக்கில் எழுதியிருந்த அந்தப் பற்று எப்போதோ சம்பளத்தில் கழிந்து போயிருந்தது. பழைய பேரேட்டைத் தேடி எடுத்து அந்த வரியை அவர் முன்னாலேயே அடித்தேன். பணத்தையும் எண்ணிக் கையில் கொடுத்தேன். "எதுக்கு முதலாளி, அது முடிஞ்சு போன கதையாச்சே" என்றார். வாங்கிக்கொண்டார். மணிக்கட்டு மழை நாளில் இன்னும் வலிக்கிறது என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னிடம் சொன்னார்.

அளந்து பார்க்க விரும்பும் உறுப்பினர்கள் பகல் இரண்டு மணிக்கு மேல் நம் கடைக்கு வரலாம், அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது. பேரேடும் டேப்பும் தயாராக இருக்கின்றன. வேட்டி கட்டி வந்தால் அளவு சரியாக வராது, கால்சட்டையோடு வரவும்.